ஒரு மணிக்கு ஏறி ஆறரைக்கு இறங்கினால்

ஜனவரியில் லண்டனுக்குப் போக இருக்கும், இங்கே திருகோணமலையில் எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி, மகள் அனுப்பிய ரிக்கெட்டைப் போனில் காட்டிக்கொண்டு வந்தார். கொழும்புக்கு அருகேயுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் பகல் 1.00 மணிக்குப் புறப்பாடு. லண்டனில் பின்னேரம் 6.30க்கு இறக்கம்.

“ஐஞ்சரை மணித்தியாலம்தான் தம்பி. இங்கயிருந்து கொழும்புக்குப் போற நேரம். நான் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டன்.”

இல்லை அன்ரி, முழுசாகப் பதினொரு மணித்தியாலம் இருக்கவேண்டி வரும் என்றேன். ரிக்கெட்டில் இருப்பதை வாசிக்கத் தெரியாதவன் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைச் சமாளிக்க அன்று திண்ணையில் இருந்து சொன்னதைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்பது ஒரே கேள்விபோலத் தெரியும். உண்மையில் தூரம் ஒரு கணக்கு, நேரம் வேறொரு கணக்கு, ரிக்கெட்டில் அச்சிட்டிருப்பது மூன்றாவது கணக்கு.

முதலில், எந்தத் தூரம்?

மூன்றாம் கட்டை, நாலாம் கட்டை என்று மைல்கற்களை வைத்தே இடம் சொல்லிப் பழகிய ஊர் நமது. ஆனால் மைல்கல் காட்டுவது ரோட்டின் நீளத்தை. திருகோணமலைப் பட்டினத்திலிருந்து மூதூரைப் பாருங்கள். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்தால் 14 கிலோமீற்றர் அளவுதான். இரவில் அந்தப் பக்கத்து வெளிச்சம் இங்கே தெரியும். ரோட்டால் போவதென்றால் சீனன்குடா, கிண்ணியா என்று குடாவையே சுற்றவேண்டும். தூரம் இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தைப் பாதையில் ஏறித்தான் கடந்தோம். (வெளியூர் ஆட்களுக்கு: இங்கே பாதை என்றால் வாகனங்களை ஏற்றி அக்கரைக்கு இழுத்துப் போகும் மிதவை. பாதையில்லாத இடத்துக்குத்தான் பாதை தேவைப்பட்டது.)

கொழும்புப் பக்கமும் அப்படியே. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வான் வண்டியில் கட்டுநாயக்கவுக்குப் போனால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். ரயில் கல்ஓயா, மாகோ என்று வளைந்து போவதால் அது இன்னும் கூட. சீனன்குடா விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேராக ஒரு கோடு இழுத்தால் 208 கிலோமீற்றர்தான். விமானத் தூரம் என்று சொல்வது இந்தக் கடைசி வகையை. காகம் பறக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம், காகம் வழியில் எங்கும் இறங்காமல் இருந்தால்.

208 கிலோமீற்றருக்கு நேர்கோடு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் என்று வந்ததும் நேர்கோடு என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் முளைக்கிறது. பூமி உருண்டை. அதன்மேல் நேர்கோடே கிடையாது.

தோடம்பழமும் தையல்நூலும்

வீட்டில் ஒரு தோடம்பழத்தை எடுங்கள். பேனையால் இரண்டு புள்ளி வையுங்கள், இரண்டையும் பழத்தின் மேல்பாதியில், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக. ஒரு தையல்நூலை ஒரு புள்ளியில் அழுத்திப் பிடித்து, மற்றப் புள்ளிவரை இறுக்கி இழுங்கள். நூல் பக்கவாட்டில் சுற்றிப் போகாது. வழுக்கி வழுக்கி மேலே ஏறி, காம்பின் அருகால் போய் மறுபக்கம் இறங்கும். இறுகிய நூல் எப்போதும் குறுகிய வழியைத்தான் பிடிக்கும். அந்த நூலை அப்படியே நீட்டிப் பழத்தைச் சுற்றிக் கொண்டுவந்தால், பழத்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டம் கிடைக்கும். புவியியல் பாடத்தில் இதற்குப் பெருவட்டம் என்று பெயர். பூமத்தியகோடு ஒரு பெருவட்டம். ஒவ்வொரு நெடுங்கோடும் பெருவட்டத்தில் பாதி. உலகத்தின் எந்த இரண்டு இடங்களுக்கு இடையிலான விமானத் தூரமும் இந்த வட்டத்தின் ஒரு துண்டுதான்.

இப்போது அன்ரியின் அக்கா இருக்கும் ரொறன்ரோவை எடுப்போம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கொழும்பையும் ரொறன்ரோவையும் அடிமட்டத்தால் இணைத்தால், கோடு அரபுநாடு, சகாராப் பாலைவனம், அத்திலாந்திக் சமுத்திரம் என்று மேற்கே போகும். அந்தக் கோட்டில், திசைகாட்டியின் ஒரே கோணத்தை விடாமல் பிடித்துப் பறந்தால் 16,100 கிலோமீற்றர் வரும். நூல் காட்டும் வழியோ ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். இரண்டாயிரம் கிலோமீற்றர் மிச்சம்!

அந்த 14,000 கிலோமீற்றர் நூல் போகும் இடங்களைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். கட்டுநாயக்கவில் கிளம்பும்போதே மேற்கே அல்ல, வடக்கே பார்த்துத்தான் கிளம்புகிறது, சற்றே மேற்குச் சாய்வோடு. இந்தியாவுக்கு மேலாக ஏறி, காபூலுக்குப் பக்கத்தால் போய், கசகஸ்தான், ரஷ்யா, அப்புறம் வடதுருவத்துக்கு அண்டிய பனிக்கடல். ஏறக்குறைய 72 பாகை வடக்கு வரை உயர்ந்து, கிறீன்லாந்துக்கு மேலாகக் கனடாவுக்குள் இறங்குகிறது. கனடா மேற்கே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்கு அது வடக்கே இருக்கிறது, பூமியின் முதுகுக்கு அந்தப் பக்கம்.

சுவரில் தொங்கும் படத்தைக் குறைசொல்லவும் முடியாது. அந்த வகைப் படத்தை 1569இல் மெர்கேற்றர் வரைந்தது கப்பலோட்டிகளுக்காக. படத்தில் நேர்கோடு போட்டால் திசைகாட்டிக் கோணம் மாறாது, அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதற்காக அவர் கொடுத்த விலை, துருவப் பக்கம் எல்லாவற்றையும் இழுத்துப் பெருப்பித்தது. விமானத்தின் சின்னத்திரையில் பாதை வில்லாக வளைந்து தெரிவது இதனால்தான். விமானம் வளைந்து போகவில்லை. படம்தான் வளைத்துக் காட்டுகிறது.

ஒரு பாகைக்கு 111

தூரத்தை நீங்களே கணிக்க முடியுமா? சில சோடிகளுக்குக் கடதாசியும் பேனையும் போதும். பூமியைச் சுற்றிவர ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். ஒரு வட்டத்தில் 360 பாகை. வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 9.8 பாகை வடக்கில் இருக்கிறது, சென்னை விமான நிலையம் 13 பாகையில். இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், 80 பாகை கிழக்கில். ஆக வித்தியாசம் 3.2 பாகை. 111ஆல் பெருக்குங்கள், 355. பலாலியிலிருந்து சென்னை அவ்வளவுதான். தீவின் வடக்கு நுனியிலிருந்து தெற்கு நுனிக்கு வருவதைவிடவும் குறைவு.

கிழக்கு மேற்காகப் போகும்போது கணக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால், பூமத்தியகோட்டில் 111 கிலோமீற்றராக இருக்கும் ஒரு பாகை, 60 பாகை வடக்கில் பாதியாகச் சுருங்கிவிடும். அதனால் சாய்வாக இருக்கும் இடங்களுக்கு சைன், கோசைன் வேண்டும். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளை ஒன்றைப் பிடித்து, இரண்டு இடங்களின் அகலக்கோடுகளையும் நெடுங்கோட்டு வித்தியாசத்தையும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தந்துவிடும். அப்படிப் பார்த்தால் கட்டுநாயக்க–லண்டன் ஹீத்ரோ ஏறத்தாழ 8,710 கிலோமீற்றர். கட்டுநாயக்க–மெல்பேர்ண் 8,360. லண்டன் என்றால் பக்கம், அவுஸ்திரேலியா என்றால் உலகத்தின் அந்தம் என்று நாம் பேசிப் பழகியிருக்கிறோமே, அளந்து பார்த்தால் மெல்பேர்ண்தான் கொஞ்சம் கிட்ட.

விமானிகள் கிலோமீற்றரில் பேசுவதில்லை. அவர்களுடைய அளவு கடல் மைல். துறைமுகத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு கலை. பூமியின் மேல் ஒரு கலை அளவுக்கு நகர்ந்தால் அது ஒரு கடல் மைல், 1,852 மீற்றர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் அந்த வேகம் ஒரு நொட். உள்துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கும் அதற்கு மேலே பறக்கும் விமானத்துக்கும் ஒரே அளவுகோல் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். இரண்டுமே பூமியின் உருண்டையை நம்பித்தான் தூரத்தை அளக்கின்றன. கட்டைக் கல்லுக்கு அந்தக் கவலை இல்லை.

நேரம் காற்றின் கையில்

தூரம் தெரிந்துவிட்டது. நேரத்துக்கு வேகத்தால் வகுத்தால் போதாதா? போதும், கிட்டத்தட்ட. பெரிய ஜெட் விமானங்கள் 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கின்றன. நான் கையாளும் குறுக்குவழி: தூரத்தை 850ஆல் வகு, ஏறி இறங்குவதற்கு அரை மணி கூட்டு. லண்டனுக்கு 8,710ஐ வகுத்தால் பத்தேகால், அரை கூட்டினால் பத்தேமுக்கால் மணித்தியாலம். மெல்பேர்ணுக்குப் பத்தேகாலுக்கு மேல். கொழும்பிலிருந்து சென்னை 650 கிலோமீற்றர், அதற்கு ஒன்றேகால் மணி. மூன்றுமே விமானக் கம்பனிகளின் அட்டவணைக்குக் கிட்டத்தான் வருகின்றன.

பலாலி–சென்னைக்கு மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். 2019இல் அந்தச் சேவை தொடங்கியபோது ஓடவிட்டது ஏ.ரி.ஆர். என்ற விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு. அதனால் 355 கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. கொழும்பிலிருந்து ஏறத்தாழ இரு மடங்கு தூரத்தை ஜெட் கடக்கும் அதே நேரம்! தூரம் குறைந்தால் நேரமும் அதே அளவில் குறையும் என்று நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

அடுத்தது காற்று. இதை விளக்க அன்ரிக்கு நான் சொன்னது கடலைத்தான். தோணியின் எஞ்சின் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. நீரோட்டம் கூட வந்தால் சீக்கிரம் கரை, எதிர்த்து வந்தால் எண்ணெய்தான் செலவு. விமானத்துக்குச் சுற்றியிருக்கும் காற்றுத்தான் கடல். காற்றுக்குள் அது மணிக்கு 850இல் போகிறது. ஆனால் அந்தக் காற்றே மணிக்கு 100 கிலோமீற்றரில் அதே திசையில் நகர்ந்தால், நிலத்தைப் பார்க்கும்போது வேகம் 950. எதிர்த்து வந்தால் 750.

லண்டன் வழியில் கூட்டிக் கழித்துச் சராசரியாக 40 கிலோமீற்றர் காற்று என்று வையுங்கள். எதிர்க்காற்றாக இருந்தால் பறப்பு 10 மணி 45 நிமிடம், பின்காற்றாக இருந்தால் 9 மணி 47 நிமிடம். இவ்வளவு மெல்லிய காற்றே ஒரு மணித்தியாலத்தை எடுத்துவிடுகிறது. வடக்கே, நடு அகலக்கோடுகளில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று ஆறு ஒன்று இருக்கிறது. ஜெட் தாரை என்பார்கள். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டும். அதனால்தான் லண்டனுக்குப் போகும்போது பதினொரு மணித்தியாலமும், திரும்பி வரும்போது அதைவிட அரை மணியோ கூடவோ குறைவும் எடுக்கிறது. 2020 பெப்ரவரியில் ஒரு புயலோடு சேர்ந்து வந்த பின்காற்றில் போயிங் 747 ஒன்று நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துசேர்ந்தது. 5,540 கிலோமீற்றர். நிலத்து வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீற்றரைத் தாண்டியது. எஞ்சின் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, காற்று தூக்கிக்கொண்டு வந்தது.

நமது தலைக்கு மேலே நிலைமை வேறு. ஆனி ஆடியில் இங்கே அடிக்கும் கச்சான் காற்றைத் தெரியும்தானே? (கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைப்பவர்கள் மன்னிக்கவும், இது வேறு கச்சான்.) மேற்கிலிருந்து வந்து முற்றத்து மண்ணையெல்லாம் வீட்டுக்குள் கொட்டும். அதே மாதங்களில், அதே இடத்துக்கு மேலே பதினான்கு பதினைந்து கிலோமீற்றர் உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு தாரை மேற்குப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். கீழே ஒரு திசை, மேலே நேரெதிர்த் திசை. முற்றத்துக் காற்றைப் பார்த்து விமான நேரம் கணிக்க முடியாது.

காற்று நேரத்தோடு எப்படி விளையாடும் என்பதற்கு இந்தத் தீவிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இலிருந்து 1945வரை, காலிக்கு அருகேயுள்ள கொக்கலை வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு குவாண்டாஸ் நிறுவனம் கற்றலினா நீர்விமானங்களை ஓட்டியது. அதே வகை விமானங்கள் நம்முடைய சீனன்குடாவிலும் நின்றன. தூரம் 5,650 கிலோமீற்றர், இடையில் எங்கும் தரிப்பு இல்லை. வேகமோ மணிக்கு 200 கிலோமீற்றர் அளவு. ஜப்பானியர் கண்டுவிடாமல் இருக்க வானொலியை மூடிவைத்துவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்து வழிபிடித்தார்கள். பயணிகள் மூன்று பேருக்கு மேல் இல்லை, மிச்சப் பாரமெல்லாம் எரிபொருள். பயண நேரம் 27 மணியிலிருந்து 33 மணிவரை மாறியது. அதே விமானம், அதே தூரம், ஆறு மணித்தியால வித்தியாசம். ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் அந்தச் சேவைக்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே பெயர் வந்தது.

நூலை விட்டு விலகும்போது

நூல் போகும் வழியில் அப்படியே எந்த விமானமும் பறப்பதில்லை. புயல் மேகத்தைச் சுற்றவேண்டும், போர் நடக்கும் இடங்களைத் தவிர்க்கவேண்டும், பின்காற்றுக் கிடைக்குமென்றால் கொஞ்சம் தள்ளிப் போவதும் லாபம். நூறு கிலோமீற்றர் சுற்றினாலும் முன்னதாகப் போய்ச் சேரலாம் என்றால் சுற்றத்தான் செய்வார்கள். சில நாடுகள் கதவைச் சாத்திவிடும். 2022இல் ரஷ்யா தன் வானத்தை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியபின், ஹெல்சிங்கியிலிருந்து ரோக்கியோவுக்கு ஒன்பதரை மணியில் போய்க்கொண்டிருந்த ஃபின்லாந்து விமானங்களுக்குப் பதின்மூன்று மணி தேவைப்பட்டது. சில நாட்கள் வடதுருவத்துக்கு மேலாகவே போனார்கள். இரண்டு நகரங்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன, அவற்றுக்கு இடையிலான நேரம் மட்டும் நீண்டுவிட்டது.

ரிக்கெட்டில் இருக்கும் நேரத்தில் இன்னும் ஒன்று ஒளிந்திருக்கிறது. அது சக்கரம் நிலத்தை விட்டு எழும்பும் நேரம் அல்ல. நிற்கும் விமானம் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ளதுதான் விமானக் கம்பனி கணக்கிடும் பயண நேரம். கட்டையிலிருந்து கட்டை வரை. நம்மூர்க்காரருக்கு விளங்கச் சொல்ல இதைவிட நல்ல சொல் கிடைக்காது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் நாலு விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது, இறங்கிய பிறகு வாசல்வரை உருள்வது எல்லாம் அதற்குள் அடக்கம். ஹீத்ரோ போன்ற நெரிசலான இடங்களில் வானத்தில் வட்டமடிக்கவும் வேண்டிவரும் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவைப்பார்கள். சில நாள் இருபது நிமிடம் முந்தி இறங்கிவிட்டோம் என்று விமானி பெருமையாக அறிவிப்பது இந்த மிச்சத்தில்தான்.

இறங்குவது என்றால் நாம் நினைப்பதுபோலக் கடைசி ஐந்து நிமிட வேலையும் அல்ல. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. 35,000 அடியில் வருபவருக்கு 105 கடல் மைல், அதாவது 195 கிலோமீற்றர். வடகிழக்கேயிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் ஒரு விமானம் நமது கூரைக்கு மேலாக வருகிறது என்று வைத்தால், சீனன்குடாவைத் தாண்டியதுமே அது இறங்கத் தொடங்கவேண்டும். கந்தளாய்க் குளத்துக்கு மேலே போகும்போது உள்ளே பயணிகளுக்குக் காது அடைக்கத் தொடங்கியிருக்கும்.

இரண்டு சுவர், இரண்டு மணிக்கூடு

சரி, அன்ரியின் ஐந்தரை மணித்தியாலம் எங்கிருந்து வந்தது?

ரிக்கெட்டில் புறப்படும் நேரம் கட்டுநாயக்கச் சுவரில் தொங்கும் மணிக்கூட்டில் இருப்பது. இறங்கும் நேரம் ஹீத்ரோச் சுவரில் தொங்கும் மணிக்கூட்டில் இருப்பது. இரண்டும் வேறு வேறு மணிக்கூடு. ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழித்தால், பசுமாட்டிலிருந்து கத்தரிக்காயைக் கழித்த மாதிரி.

பூமி 24 மணியில் 360 பாகை சுற்றுகிறது, மணிக்கு 15 பாகை. லண்டன் சுழிய நெடுங்கோட்டில் இருக்கிறது. இலங்கை தன் மணிக்கூட்டை 82½ பாகைக்கு வைத்திருக்கிறது. 15ஆல் வகுத்தால் ஐந்தரை. (திருகோணமலை 81¼ பாகையில் இருப்பதால், சராசரியாகப் பார்த்தால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி அடித்து ஐந்து நிமிடத்துக்குப் பிறகு.) ஜனவரியில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசியிலிருந்து ஒக்டோபர் கடைசிவரை அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவதால் நாலரை மணி.

ஆகவே பகல் 1.00 மணிக்கு ஏறி, 11 மணித்தியாலம் பறந்தால் நமக்கு நடுச்சாமம் 12.00. அதில் ஐந்தரையைக் கழித்தால் லண்டனில் பின்னேரம் 6.30. அன்ரி பார்த்தது இதைத்தான். அவர் ஐந்தரை மணியைத் தற்செயலாகத்தான் கண்டார். பதினொன்றில் ஐந்தரை போனால் ஐந்தரை, அவ்வளவுதான். வரும்போது இது மாறி விளையாடும். லண்டனில் இரவு 9.00க்கு ஏறி, பத்தரை மணித்தியாலம் பறந்து, மறுநாள் பகல் 1.00க்குக் கட்டுநாயக்கவில் இறங்குவதாக ரிக்கெட் சொல்லும். பார்க்கும்போது பதினாறு மணித்தியாலம். போகும்போது ஐந்தரை, வரும்போது பதினாறு என்று விமானத்துக்கு என்ன கோளாறு வந்தது என்று யாரும் கேட்டால் குற்றமில்லை.

அன்ரியின் வயதில் இருப்பவர்களுக்கு இதை விளங்கவைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 1996 மே மாதத்தில் மின்சாரத் தட்டுப்பாட்டைக் காட்டி அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தோம். இடைப்பட்ட பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி மாறும். “பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்டுத்தான் எதையும் குறித்துக்கொள்ளவேண்டி இருந்தது. பத்தரைக்கு வெளிக்கிட்ட பஸ் பத்தரைக்கே போய்ச் சேர்ந்த கதையெல்லாம் அன்றைக்கு உண்டு. இதைச் சொன்னதும் அன்ரியின் முகம் தெளிந்துவிட்டது. “அட, அந்தக் கணக்குத்தானே!” என்றார். உலகத்தின் நேர வலயங்களை அவர் எப்போதோ ஓமந்தைச் சோதனைச் சாவடியில் படித்து முடித்திருக்கிறார்.

அப்போ அக்காவிடம் போவதென்றால்?

அடுத்த கேள்வி அதுதான். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. டுபாய் வழியாக என்று எடுத்துக்கொண்டால், கட்டுநாயக்க–டுபாய் 3,290 கிலோமீற்றர், டுபாய்–ரொறன்ரோ 11,080. கூட்டினால் 14,370. நூல் காட்டிய 14,000ஐவிடச் சொற்பந்தான் கூட. டுபாயில் இறங்கி ஏறுவது பெரிய சுற்று என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அது ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது. சுற்று தூரத்தில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. முதல் துண்டு ஐந்து மணிக்குக் கொஞ்சம் குறைய, இரண்டாவது பதினாலு மணி அளவு, நடுவில் மூன்று மணி இருந்தால் எல்லாமாக இருபத்திரண்டு மணித்தியாலம்.

திங்கட்கிழமை விடியப்புறம் 3.00க்குக் கட்டுநாயக்கவில் ஏறினால், செவ்வாய் விடியப்புறம் 1.00க்கு முடியும், நம் மணிக்கூட்டில். குளிர்காலத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணி பின்னால் என்பதால் அங்கே இன்னும் திங்கள் பகல் 2.30. ஒரு முழு நாள் பயணம் செய்தும் அதே நாள் மத்தியானம்தான். “அப்ப ஒரு நாள் லாபம்” என்றார் அன்ரி. திரும்பி வரும்போது வட்டியோடு கட்டவேண்டும் என்றேன்.

கடைசியில் அவரே கலண்டரின் பின்பக்கத்தில் வரும் பயணத்தைக் கணக்குப் போட்டார். லண்டனில் ஏற்றம் இரவு 9.00, எங்களுக்கு விடிய 2.30. பத்தரையைக் கூட்டினால் பகல் 1.00. பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றரை மணி. அங்கிருந்து வான் வண்டியில் 250 கிலோமீற்றர், ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிற்பதையும் சேர்த்து ஆறு மணித்தியாலம். வீட்டு வாசலில் இரவு எட்டரை. எழுதி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 8,710 கிலோமீற்றருக்குப் பத்தரை மணி, 250 கிலோமீற்றருக்கு ஆறு மணி.

“அந்த பிளேனைச் சீனன்குடாவில இறக்கேலாதாமே?” என்று கேட்டார்.

வான்காரருக்கு மட்டும் ஒரே நேரத்தைத்தான் சொல்லி வைத்திருக்கிறார்: பகல் 1.00 மணி, இலங்கை நேரம்.